குற்ற வழக்கில் பெயர் சேர்ந்தால்: சட்டம், எதிர்வாதம், வழக்கறிஞர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் குற்றவியல் நீதிமன்றங்களுக்கு முதல்முறையாக வருபவர்களும் அவர்களுடைய வீட்டாரும் வழக்கறிஞரிடம் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவை இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சட்டத்தில் இடம் இருந்தும், சொல்ல வேண்டியதை உரிய கட்டத்தில் சொல்லாமல் விட்டதால் கைநழுவிய வழக்குகள் ஏராளம். ஆகவே பதில்களில் எந்தக் கட்டத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

கடன் வாங்கியவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. அவர்மீது 420 வழக்குப் போட முடியாதா?

பெரும்பாலும் முடியாது. கொடுத்த பணத்தை வசூலிப்பது சிவில் வழக்கு; அது இரண்டு தரப்பினருக்கு இடையிலான விவகாரம். குற்ற வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்தவர் அதில் ஒரு சாட்சிதான், வழக்கின் உரிமையாளர் அல்லர். ஊர் வழக்கில் 420 என்று நிலைத்துவிட்ட மோசடிக் குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318(4)-இல் இருக்கிறது. அது நிற்க வேண்டுமானால் பணம் வாங்கிய அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. நல்ல எண்ணத்துடன் வாங்கிவிட்டுத் தொழில் நொடித்துப்போனதால் தர முடியாமல் போவது வாக்குத் தவறியதாகுமே தவிர, மோசடியாகாது. ஒரே மனையைப் பத்து பேருக்குக் காட்டி முன்பணம் வாங்குவது போன்றவற்றில் அந்த ஆரம்ப எண்ணம் தானாகவே வெளிப்படும்.

புதிய சட்டங்கள் வந்துவிட்டன என்கிறார்கள். என் வழக்குக்கு எது பொருந்தும்?

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் பதிலாக முறையே பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), பாரதிய சாக்ஷிய அதிநியம் (பி.எஸ்.ஏ.) ஆகிய மூன்று சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதைச் சம்பவம் நடந்த தேதிதான் தீர்மானிக்கும். 2024 ஜூன் 30 இரவு வரை நடந்த அடிதடிக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும், வழக்கு எப்போது விசாரணைக்கு வந்தாலும் சரி. நடந்த பிறகு கொண்டுவரப்பட்ட கூடுதல் தண்டனையை எவர்மீதும் சுமத்தக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(1)-ஆம் கூறு தரும் உறுதி.

எண்கள் மாறியதில் குழப்பமும் உண்டு. வழக்கை ரத்துசெய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனுவை வழக்கறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ‘482’ என்றே அழைத்துவந்தார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 528. பழகிப்போன 482 என்ற எண்ணில் இப்போது முன்ஜாமீன் உட்கார்ந்திருக்கிறது. ‘482 போட்டிருக்கிறோம்’ என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னால், எந்தச் சட்டத்தின் 482 என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

ஒரே அடிதான், ஆள் இறந்துவிட்டார். அது கொலையா, இல்லையா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

செயல், அதன் பின்னிருந்த மனநிலை ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். கொல்லும் எண்ணத்துடனோ, இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்தும் எண்ணத்துடனோ தாக்கியிருந்தால் அது கொலை. பி.என்.எஸ். பிரிவு 103-இன்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. திடீரென மூண்ட சண்டையில், முன்திட்டம் இல்லாமல், ஆத்திரத்தின் வேகத்தில் விழுந்த அடியாக இருந்து, அடித்தவர் அதைச் சாதகமாக்கிக்கொண்டு கொடூரமாக நடந்துகொள்ளாமலும் இருந்தால், அது கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று பிரிவு 105-க்கு இறங்கும். எண்ணமே இல்லாமல் கவனக்குறைவால் நேர்ந்த சாவு என்றால் பிரிவு 106(1). அதற்கு அதிகபட்சம் 5 ஆண்டுகள், முன்பு 2 ஆண்டுகளாக இருந்தது. ஒரு சாவுக்கு இத்தனை படிகள் இருப்பதால்தான், குற்றத்தை முழுவதுமாக மறுக்க முடியாத வழக்கிலும் வழக்கறிஞருக்கு வேலை இருக்கிறது. ஆயுள் தண்டனைக்கும் சில ஆண்டுச் சிறைக்கும் இடையிலுள்ள தூரம், எடுத்த ஆயுதம், அடி விழுந்த இடம், முன்விரோதம், அடிக்கு முந்தைய ஐந்து நிமிடங்கள் ஆகியவற்றில் இருக்கிறது.

புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள். அதுவே எஃப்.ஐ.ஆர். ஆகுமா?

ஆகாது. சி.எஸ்.ஆர். என்பது மனு பெறப்பட்டதற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் சட்டப்படி புலன்விசாரணை தொடங்கும். பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. புதிய சட்டம் இதில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்திப் பார்க்கலாம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்ப வேண்டும், அதன்பிறகும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். கண்காணிப்பாளருக்கு அனுப்பிய தபால் ரசீதைத் தொலைத்துவிட்டு நடுவரிடம் போனால் மனு அங்கேயே நின்றுவிடும்.

எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம்.

காவல் நிலையத்திலிருந்து ‘ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்’ என்று கூப்பிடுகிறார்கள். போக வேண்டுமா?

எழுத்துமூலம் அழைப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் உடனே கைது செய்வது வழக்கமாகிவிடக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. இவற்றில் முன்னிலையாகும்படி அறிவிப்பு அனுப்புவதே முறை. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 35(3). அறிவிப்புப்படி முன்னிலையானவரைப் பதிவுசெய்யப்பட்ட காரணம் இன்றிக் கைது செய்யக் கூடாது, முன்னிலையாகாதவரைக் கைது செய்யலாம். ஆகவே அறிவிப்பை வாங்காமல் தவிர்ப்பதும், வாங்கிவிட்டு ஒளிந்துகொள்வதும் நமக்கே கேடு. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளைகள், 60 வயது கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிப்பதற்கு அவர்கள் இருப்பிடத்துக்குத்தான் காவலர் செல்ல வேண்டும்.

கைதே ஆகிவிட்டால், கைதுக்கான காரணத்தைக் கைதானவர் புரிந்துகொள்ளும்படி தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிக்காத கைது சட்டவிரோதமானது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கைதுக் குறிப்பாணையில் சாட்சிக் கையொப்பம், உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை ஆகியவையும் உண்டு. ஆனால் விசாரணை முடியும்வரை வழக்கறிஞர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தியாக வேண்டும்.

நடுவர் ‘போலீசார் அடித்தார்களா, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று கேட்கும் அந்த ஒரு நிமிடத்தைச் சடங்காக நினைத்துத் தலையாட்டிவிட்டு வருபவர்கள் பலர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் நீதிமன்றக் காவலுக்கு உத்தரவிடப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன சில நாட்களில் இறந்தார்கள். அதன்பிறகு அந்தக் கேள்விக்குச் சடங்கு என்று பெயர் வைக்க எவருக்கும் மனம் வராது. காயம் இருந்தால் அங்கேயே காட்டுங்கள். பின்னால் போடும் பத்துப் பக்க மனுவைவிட, நடுவர் எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி தப்பிக்க வழியில்லையா?

காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகளில் இருந்த இந்தத் தடை புதிய சட்டத்தின் பிரிவு 23-இல் தொடர்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(3)-ஆம் கூறு. சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை நடத்தக் கூடாது என்ற 2010-ஆம் ஆண்டின் செல்வி வழக்குத் தீர்ப்பும் அதன் நீட்சிதான். விரல் ரேகை கொடுக்க மறுக்க மட்டும் இதில் இடமில்லை.

ஒரு விலக்கு இருக்கிறது, அதுதான் அன்றாடம் பயன்படுகிறது. குற்றப்பத்திரிகை நகலைப் புரட்டினால் ‘நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன்’ என்று தொடங்கும் நீண்ட வாக்குமூலம் ஒன்று இருக்கும். அதன் கடைசியில், ‘என்னை அழைத்துச் சென்றால் அரிவாளை மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டுகிறேன்’ என்ற வாக்கியம் இருக்கும். அதன்படி பொருள் கைப்பற்றப்பட்டிருந்தால், அந்த வாக்கியம் மட்டும் ‘ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி’ என்று சான்றாவணமாகக் குறியிடப்படும். அரிவாள் கிடைத்ததைத்தான் அது நிரூபிக்கும், அதனால் வெட்டியதை நிரூபிக்காது. சுதந்திரத்துக்கு முன் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் வகுத்த இந்த எல்லை இன்றும் மாறவில்லை. எனவே குறுக்கு விசாரணையின் பெரும்பகுதி அந்தக் கைப்பற்றுதலைச் சுற்றியே நடக்கும். மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் ஆவணத்தில்) கையெழுத்திட்ட சாட்சி யார், அவர் உள்ளூர்க்காரரா, எத்தனை வழக்குகளில் இதே போலீசாருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், இடம் எல்லோரும் நடமாடும் திறந்த வெளியா என்ற கேள்விகள் அதற்காகத்தான்.

நடுவர்முன் தானாக முன்வந்து கொடுக்கும் வாக்குமூலம் வேறு வகை. அது முழுமையாகச் சான்றாகும். வழக்கறிஞரைக் கலக்காமல் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

ஜாமீன் எப்போது கிடைக்கும்?

ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் அது உரிமை, காவல் நிலையத்திலேயே கேட்கலாம். மற்றவற்றில் நீதிமன்றத்தின் விருப்புரிமை. சாட்சியைக் கலைப்பாரா, ஓடிவிடுவாரா, மீண்டும் குற்றம் செய்வாரா என்பவைதான் நீதிமன்றம் பார்க்கும் மூன்று. கிடைத்த பிறகு இரண்டு ஜாமீன்தாரர்கள் தேவைப்படுவார்கள். ‘தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்’ என்ற நிபந்தனை தமிழ்நாட்டில் பெரும்பாலான உத்தரவுகளில் வரும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த 10.30 என்பது ஒரு நாள் சம்பளம். நேரத்தையோ நிபந்தனையையோ தளர்த்த மனுச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாலைந்து நாள் போகாமல் இருந்துவிட்டு, ஜாமீன் ரத்தாகும் நிலையில் ஓடி வருகிறார்கள்.

பலர் தவறவிடுவது கட்டாய ஜாமீன். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய வழக்குகளில் 90 நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாட்களுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 91-ஆம் நாள் காலையில் மனு போடாமல் மதியம்வரை தள்ளி, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து சேர்ந்துவிட்டால் உரிமை போய்விடும். காவலுக்கு அனுப்பப்பட்ட முதல் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எதிர்வாதம் என்றால் என்ன? ‘நான் செய்யவில்லை’ என்பதற்கு மேல் என்ன இருக்கிறது?

இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்பது. நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை முழுவதும் அரசுத் தரப்பின் தோளில் இருப்பதால், குற்றஞ்சாட்டப்பட்டவர் வாய் திறக்காமலே விடுதலையாகலாம். இரண்டாவது, செய்ததை ஏற்றுக்கொண்டு, அதைக் குற்றமாக்காத ஒரு பொது விதிவிலக்கைக் காட்டுவது. பி.என்.எஸ். பிரிவுகள் 14 முதல் 44 வரை இவற்றுக்கானவை. விதிவிலக்கை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதைக் கோருபவருடையது. ஆனால் அவருக்கு அரசுத் தரப்பு அளவுக்கான கடுமை இல்லை, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

ஒரே நேரத்தில் இரண்டு பாதையிலும் நடக்க முயல்வதுதான் சிக்கல். ‘நான் அந்த இடத்திலேயே இல்லை’ என்று முதல் சாட்சியிடம் குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டு, பத்தாவது சாட்சியிடம் ‘அவர்தான் முதலில் அடித்தார், நான் தற்காத்துக்கொண்டேன்’ என்றால் இரண்டுமே உடையும். சாட்சியங்களிலிருந்தே தற்காப்பு வெளிப்பட்டால், கோரப்படாவிட்டாலும் நீதிமன்றம் அதைக் கருதிப் பார்க்கலாம் என்று தீர்ப்புகள் உண்டு. என்றாலும் அந்தப் பெருந்தன்மையை நம்பி வழக்கு நடத்தக் கூடாது.

தற்காப்புக்காக அடித்தேன். அது குற்றமா?

தற்காப்பு உரிமை தன் உடலுக்கும் பிறர் உடலுக்கும் சொத்துக்கும் உண்டு. மரண பயம், கொடுங்காய பயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமிலத் தாக்குதல் போன்ற நிலைகளில் எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் அது நீளும். எல்லைகளும் உண்டு. காவல் துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. ஆபத்து நீங்கியவுடன் உரிமையும் நீங்கிவிடும். தாக்க வந்தவர் கட்டையைப் போட்டுவிட்டு ஓடும்போது துரத்திப்போய் வெட்டியது பழிவாங்கல். அதேசமயம், உயிருக்குப் பயந்து நிற்பவர் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்து அடிக்க முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன.

நடைமுறையில் இந்த வாதம் வெல்வதும் தோற்பதும் சம்பவத்துக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தில்தான். ஒரு வரப்புத் தகராறை எடுத்துக்கொள்வோம். இரண்டு பங்காளிகள், மாலை ஏழு மணி, கையில் மண்வெட்டி. இருவருக்கும் காயம். ஒருவர் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுகிறார். பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ‘தெரிந்த நபர் மண்வெட்டியால் தாக்கியதாகக் கூறினார்’ என்று எழுதுகிறார். அதிலிருந்து தகவல் காவல் நிலையத்துக்குப் போகிறது, ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விடுத்தது என பி.என்.எஸ். 296(பி), 115(2), 118(1), 351(3) பிரிவுகள் வரிசையாக விழுகின்றன. பழைய கணக்கில் 294(பி), 323, 324, 506(2). இன்னொருவர் தலைக் காயத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், மறுநாள் தனியார் கிளினிக்கில் இரண்டு தையல் போட்டுக்கொள்கிறார், சீட்டுகூட வாங்கவில்லை. ஒரு வருடம் கழித்து விசாரணை மன்றத்தில் ‘அவர்தான் முதலில் அடித்தார்’ என்று அவர் சொல்லும்போது, அந்த முதல் அடிக்கு எந்தக் காகிதமும் இல்லை.

அன்றே அவரும் அரசு மருத்துவமனையில் காட்டி, புகாரும் கொடுத்திருந்தால் அது வழக்கும் எதிர் வழக்குமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்து விசாரித்து, தாக்குதலைத் தொடங்கியவர் யார் என்று கண்டறிய வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் துறையின் நிலையாணை (ஸ்டாண்டிங் ஆர்டர்) விதித்துள்ள கடமை. அதே சம்பவத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஏற்பட்ட கணிசமான காயங்களை அரசுத் தரப்பு விளக்காமல் மறைத்தால், அது சம்பவத்தின் உண்மையான தோற்றத்தையே மறைக்கிறது என்று கருத இடமுண்டு என 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவாகாத காயத்தை எவரும் விளக்கத் தேவையில்லை.

அந்த விபத்துப் பதிவேட்டு நகல், நீதிமன்ற வளாகத்தில் ஏ.ஆர். காப்பி என்று சொல்லப்படுவது, குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புக்கும் ஆயுதம். ‘தெரிந்த இரண்டு நபர்கள் தடியால்’ என்று மருத்துவரிடம் சொன்னவர், மறுநாள் புகாரில் ஐந்து பேர் பெயரையும் மூன்று அரிவாளையும் சேர்த்திருந்தால், அந்த வித்தியாசத்தை வைத்தே மூன்று பேர் விடுதலையாக வாய்ப்பிருக்கிறது.

வேறு என்னென்ன எதிர்வாதங்கள் எடுபடும்?

சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்பது வலுவான வாதம், ஆனால் ஆதாரம் வேகமாகக் கரையும். கண்காணிப்பு கேமரா பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் அமைப்பிலேயே பெரும்பாலான கடைகளில் உள்ளன. குற்றப்பத்திரிகை வந்த பிறகு தேடினால் எதுவும் இருக்காது. முதல் வாரத்திலேயே அவற்றைப் பாதுகாக்கக் கோரி எழுத வேண்டும். மின்னணுப் பதிவை மன்றத்தில் ஏற்க, பி.எஸ்.ஏ. பிரிவு 63-இன்படி சான்றிதழும் வேண்டும்.

மனநிலை பாதிப்பு என்ற வாதத்தில் மருத்துவச் சீட்டு மட்டும் போதாது. செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அந்த நேரத்தில் அறிய முடியாதபடி இருந்தாரா என்பதே சட்டத்தின் கேள்வி. வெட்டிய பிறகு கத்தியைக் கழுவி ஒளித்தவருக்கு இந்த வாதம் பொருந்துவது கடினம். வாதம் ஏற்கப்பட்டாலும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள், பாதுகாப்பில் வைப்பது பற்றி மன்றம் உத்தரவிடும்.

தானாகக் குடித்தவருக்குக் குடிபோதை விலக்கில்லை. அவருக்குத் தெரியாமலோ கட்டாயப்படுத்தியோ கொடுத்திருந்தால்தான் விலக்கு. உயிர் மிரட்டலுக்குப் பணிந்து செய்தது சில குற்றங்களில் விலக்காகும், கொலைக்கு ஆகாது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. 18 வயது நிரம்பாதவர் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் வருவார், அந்த வயதுக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், மேல்முறையீடு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம். உரிய கட்டம் என்ற கட்டுப்பாடு இல்லாத அரிய வாதம் இது ஒன்றுதான்.

நீதிபதி கேள்வி கேட்கும்போது ‘பொய்’ என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார்களே?

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்தவுடன், சாட்சியத்தில் உங்களுக்கு எதிராக வந்தவற்றை நீதிபதி உங்களிடமே கேட்பார். இது முன்பு ‘313 கேள்வி’, இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 351. சத்தியப் பிரமாணம் இல்லை, பதில் சொல்ல மறுத்ததற்காகத் தண்டனையும் இல்லை. நாற்பது கேள்விக்கும் ‘பொய்’, ‘தெரியாது’ என்று மாறி மாறிச் சொல்லிவிட்டு வருவது நம் மன்றங்களில் பழக்கமாகிவிட்டது. முற்றிலும் மறுக்கும் வழக்கில் அதனால் பாதகமில்லை. தற்காப்பையோ வேறு விதிவிலக்கையோ நம்பும் வழக்கில், உங்கள் தரப்புக் கதையை உங்கள் வாயால் பதிவு செய்ய இருக்கும் நேரடி வாய்ப்பை அது வீணாக்குகிறது. எழுத்துமூல விளக்கமும் தாக்கல் செய்யலாம்.

செய்தவர் என்று ஊருக்கே தெரிந்தவருக்காக ஒரு வழக்கறிஞர் எப்படி வாதாடலாம்?

ஊருக்குத் தெரிந்ததை மன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் விதி. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றவாளியா என்பது பற்றித் தன் சொந்தக் கருத்து எதுவாயினும் அவருக்காக வாதாட வேண்டும், போதிய சாட்சியம் இன்றி எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்கே வழக்கறிஞரின் விசுவாசம் உரியது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது ஒரு கோயம்புத்தூர் விவகாரத்தில்தான் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மோதல் ஏற்பட்டதைத் தொடர்ந்து, அந்த வழக்கில் காவலர்களுக்காக எந்த உறுப்பினரும் முன்னிலையாகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010-இல் முகமது ரஃபி வழக்கில், இத்தகைய தீர்மானங்கள் சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் முரணானவை, செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாபுக்கும் அரசு செலவில் வழக்கறிஞர் கொடுக்கப்பட்டார். கைதானவரை முதன்முதலில் மன்றத்தில் நிறுத்தும்போதே வழக்கறிஞர் உதவிக்கான உரிமையை நடுவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற கடமை 2012-இல் வகுக்கப்பட்டது அந்த வழக்கின் தீர்ப்பில்தான். இன்று ஆடு திருடியதாகப் பிடிபட்டவருக்கும் அது பயன்படுகிறது.

வழக்கறிஞரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லலாமா? வெளியே சொல்லிவிட மாட்டாரா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். தொழில்முறையில் கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இன்றி வழக்கறிஞர் வெளியிட பி.எஸ்.ஏ. பிரிவு 132 தடை விதிக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அது தொடரும், அவருடைய குமாஸ்தாவையும் அது கட்டுப்படுத்தும். நடந்து முடிந்ததைச் சொல்வதற்குத்தான் இந்தப் பாதுகாப்பு. இனி செய்யப்போகும் குற்றத்துக்கு ஆலோசனை கேட்பதற்கு இல்லை. ‘அந்த சாட்சியை எப்படி மிரட்டலாம்’ என்ற பேச்சுக்கு இரகசியம் கிடையாது.

செய்ததாக ஒப்புக்கொண்ட கட்சிக்காரருக்காகவும் வழக்கறிஞர் அரசுத் தரப்புச் சாட்சியத்தின் ஓட்டைகளைக் காட்டலாம். பொய் என்று தெரிந்த சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றக் கூடாது. பாதிக் கதையை மட்டும் கேட்டுவிட்டு வழக்கு நடத்தும் வழக்கறிஞர், மீதிக் கதை சாட்சிக் கூண்டிலிருந்து வெளிவரும்போது எதிர்க்க ஆயத்தமில்லாமல் நிற்பார்.

அரசு வழக்கறிஞர் புகார்தாரரின் வழக்கறிஞரா?

இல்லை, அவர் அரசின் சார்பில் மன்றத்துக்கு உதவுபவர். எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவர் வேலையில்லை. குற்றமற்றவர் தண்டிக்கப்படும்படி வழக்கை நடத்தக் கூடாது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்றை மறைக்கக் கூடாது என்பதும் அவருக்குரிய நெறி. பாதிக்கப்பட்டவர் மன்றத்தின் அனுமதியுடன் தனி வழக்கறிஞரை வைத்து அரசுத் தரப்புக்கு உதவலாம்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் பிரிவு 12-இன்படி வருமானத்தைப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இலவச வழக்கறிஞர் என்றால் கடமைக்குச் செய்வார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பணம் வாங்கியும் வாய்தா மட்டுமே வாங்கித் தருபவர்களும் இருப்பதால், அந்த ஒப்பீட்டை நான் முழுதாக ஏற்பதில்லை.

வழக்கறிஞரை மாற்ற விரும்புகிறேன். வழக்குக் கட்டைத் தர மறுக்கிறார்.

மாற்றுவது உங்கள் உரிமை. பழைய வழக்கறிஞரின் ஆட்சேபணையின்மைக் குறிப்புடன் புதிய வக்காலத்து தாக்கல் செய்வதே வழக்கம். மறுத்தால் மன்றத்தின் அனுமதியைக் கோரலாம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘வென்றால் இத்தனை சதவீதம்’ என்று பேசுவதும் விதிமீறல். புகாரை மாநில பார் கவுன்சிலுக்கு அனுப்பலாம். மாற்றுவதாக இருந்தால் முக்கியச் சாட்சியின் குறுக்கு விசாரணைக்கு முன்பே மாற்றுங்கள். புதியவர் வந்து சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போட்டால், அது ஏற்கப்படும் என்று உறுதியில்லை.

குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஜாமீன் போட முடியாதா?

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14-இன்படி பிறப்பிக்கப்படும் இந்த உத்தரவு தண்டனை இல்லை, தடுப்புக் காவல். அதிகபட்சம் 12 மாதம். ஆகவே அதற்கு ஜாமீன் என்ற பேச்சே எழாது. காவல் உத்தரவை ஆராயும் அறிவுரைக் குழுமத்தின்முன் வழக்கறிஞர் மூலம் வாதாடும் உரிமையும் இல்லை. செய்யக் கூடியது, அரசுக்கு உடனே முறையீடு அனுப்புவதும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வதும்தான். முறையீட்டைப் பரிசீலிக்க ஏற்பட்ட விளக்கமில்லாத தாமதம், தடுத்து வைக்கப்பட்டவருக்குப் புரியும் மொழியில் ஆவண நகல் தராதது, படிக்க முடியாத நகல் ஆகிய காரணங்களால் பல உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன.

இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம். சாட்சி பிறழ்ந்தால் வழக்கு முடிந்துவிடும்தானே?

வழக்கு முடியலாம். சமரசத்துக்கு இடமுள்ள குற்றம் என்றால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 359-இன்படி மன்றத்திலேயே நேர்வழியில் முடிக்கலாம். இடமில்லாதவற்றில், தன்மையைப் பொறுத்து, உயர் நீதிமன்றத்தில் சமரசத்தின் பேரில் ரத்துக் கோரலாம். ஊரில் வழக்கமாக நடப்பது மூன்றாவது வழி: புகார்தாரரே கூண்டில் ஏறி ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று சொல்லிப் பிறழ் சாட்சியாவது.

இளைஞர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுவிக்கப்பட்டவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார்கள். கோயில் திருவிழாச் சண்டையில் ஒன்பதாவது எதிரியாக, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவராகப் பெயர் சேர்ந்த பையன், சாட்சிகள் பிறழ்ந்து விடுதலையாகி, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தேறிய பிறகு, சரிபார்ப்பில் வெளியேற்றப்படுவது இதனால்தான். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் அது தனியொரு காரணமாகிவிடும். அவர் சம்பவ இடத்திலேயே இல்லை என்பது உண்மையானால், குற்றப்பத்திரிகைக்கு முன்பே பெயரை நீக்கக் கோரலாம், பின்னர் விடுவிப்பு மனுவோ ரத்து மனுவோ போடலாம், அல்லது சாட்சிகளைச் சோதித்துத் தகுதியின் பேரிலான விடுதலையைப் பெறலாம். இவற்றில் எது என்பதைத் தேர்ந்தெடுக்க, பையன் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறான் என்பது வக்காலத்தில் கையெழுத்திடும் அன்றே வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.